நீளக் கம்பில் ஜன்னல் கழுவும்போது தோளும் கழுத்தும் ஏன் வலிக்கின்றன?

கேள்வி கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. ஜன்னல் கழுவும் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கையில் 7 மீட்டர் நீளும் அலுமினியக் கம்பு, நுனியில் தண்ணீர் வரும் பிரஷ். மாலையானால் வலது தோள் குடைகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, காலையில் எழுந்தால் வலது கை விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. கார்பன் ஃபைபர் கம்பு வாங்கினால் சரியாகிவிடுமா, இடுப்புக்கு பெல்ட் போட வேண்டுமா, அல்லது இந்த வேலை என் உடம்புக்கு ஒத்துவராதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: வலி கம்பிலிருந்து வருகிறதா, கம்பைப் பிடிக்கும் விதத்திலிருந்து வருகிறதா? என் அனுபவத்தில் பெரும்பாலும் பிடிக்கும் விதத்திலிருந்துதான். அதனால் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் பதினாறு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். கடைசி ஏழெட்டு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்குக் கம்பு பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் தோளுக்குள் என்ன நடக்கிறது என்று இங்கிருந்தே சொல்ல என்னால் முடியாது, அதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் கம்பு எப்படி உடம்பில் ஏறுகிறது என்பதைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

பிரஷோடு சேர்த்து உங்கள் கம்பு 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் ஏறக்குறைய நடுவில், அடியிலிருந்து மூன்றரை மீட்டரில் இருக்கிறது. கம்பு நேர்க்குத்தாக நின்றால் கைக்கு வேலை அந்த 3 கிலோவைத் தாங்குவது மட்டும்தான். அதுவே சாய ஆரம்பித்தால் கணக்கு மாறிவிடும். 10 டிகிரி சாய்ந்தால் எடையின் மையம் உங்களிடமிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. 30 டிகிரி சாய்ந்தால் 1.75 மீட்டர். கீழ்க்கை கம்பின் அடியிலும் மேல்கை அதற்கு 60 சென்டிமீட்டர் மேலேயும் இருந்தால், கம்பு விழாமல் தாங்க மேல்கை கொடுக்க வேண்டிய விசை 10 டிகிரியில் சுமார் 3 கிலோ. 30 டிகிரியில் அது ஏறக்குறைய 9 கிலோ. கம்பு அதேதான், ஆனால் கைக்கு மூன்று மடங்கு சுமை. இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை 90 சென்டிமீட்டராக்கினால் அந்த 9 கிலோ 6 கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும். கைகளை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாடுபடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கீழ்க்கை இடுப்புப் பக்கம், மேல்கை நெஞ்சுப் பக்கம், நடுவில் தாராளமாக இடம் விடுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 2 கிலோ கார்பன் கம்பை 30 டிகிரி சாய்த்துப் பிடித்தால் மேல்கைக்கு ஏறக்குறைய 6 கிலோ. உங்கள் 3 கிலோ அலுமினியத்தை 10 டிகிரியில் பிடித்தால் 3 கிலோதான். காசு கொடுத்து வாங்கும் லேசைவிட, சில எட்டு முன்னால் வந்து நிற்பதில் கிடைக்கும் லேசு அதிகம்.

மேலே சொன்ன கணக்கு பிரஷ் காற்றில் இருக்கும்போது மட்டும்தான் பொருந்தும். பிரஷ் கண்ணாடியில் சாய்ந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. உங்கள் மேல்கை 9 கிலோ கொடுத்துச் செய்த வேலையைக் கண்ணாடி ஒரு கிலோவுக்கும் குறைவான விசையில் செய்துவிடும். காரணம், அது கம்பின் மறுநுனியில், 7 மீட்டர் தூரத்தில் இருந்து தாங்குகிறது. பிரஷ் கண்ணாடியில் இருக்கும்வரை கம்பு சாய்ந்து விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் தோளின் வேலையே இல்லை. கீழ்க்கை எடையைத் தாங்கி ஏற்றி இறக்குகிறது, மேல்கை வழி காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் புதியவர்கள் பிரஷ் கண்ணாடியைத் தொட்ட பிறகும் கம்பு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்தபடியே இருப்பார்கள். சொல்லிக்கொடுக்கும்போது நான் பக்கத்தில் நின்று மேல்கை விரல் கணுக்களைப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் நிறுத்தச் சொல்லி, பிரஷைக் கண்ணாடியில் சாய்த்துவிட்டு, கையை எடுக்காமல் விரல்களை மட்டும் வளையம் மாதிரித் தளர்த்தச் சொல்வேன். கம்பு அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் அவர்கள் தோள் தானாகவே ஒரு அங்குலம் கீழே இறங்கும். நாளைக் காலை முதல் ஜன்னலிலேயே நீங்களும் செய்து பாருங்கள். காற்று வீசாத நேரமாகவும் கீழே யாரும் நடக்காத இடமாகவும் இருக்கட்டும்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? பிரஷ் கண்ணாடியை விட்டு விலகியிருக்கும் சமயங்களிலிருந்து. கம்பை மேலே நிமிர்த்தும்போது, அடுத்த ஜன்னலுக்கு நகர்த்தும்போது, பிரஷை விலக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரால் அலசும்போது. இந்த மூன்றையும் சரிசெய்தாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீரும் என்பது என் அபிப்பிராயம். நிமிர்த்தும்போது கிடையாகத் தரையிலிருந்து கைப்பலத்தில் தூக்காதீர்கள். கம்பின் அடியைச் சுவரின் அடியில் முட்டுக்கொடுத்து, ஏணியை நிமிர்த்துவது போலக் கை மாற்றிக் கை மாற்றி அடியை நோக்கி நடந்து வாருங்கள். அதைவிட நல்லது, மடக்கிய நிலையிலேயே நேராக நிறுத்திவைத்து, மிகவும் ஒல்லியான குழாயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மேலே நீட்டுவது. அடித் தடிமனான குழாயை முதலில் நீட்டினால் குழாய்களைப் பூட்டும் மற்ற கிளாம்ப்புகள் எட்டாத உயரத்துக்குப் போய்விடும், பிறகு கையை அண்ணாந்து நீட்டித்தான் பூட்ட வேண்டியிருக்கும்.

நகரும்போது கம்பை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள், நீங்கள் சுவர்ப் பக்கம் நடந்து போங்கள். இரண்டு எட்டு முன்னால் வந்தால் கம்பு நேராகிவிடும். நேராக இருக்கும்போது பக்கவாட்டில் நடந்து, அடுத்த ஜன்னலுக்கு நேரே வந்ததும் பிரஷைச் சாய்த்துவிட்டு, பிறகு பின்னால் வாருங்கள். கம்பைச் சாய்வாகவே தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்குத்தான் மாலையில் தோள் குடையும். அலசும் விஷயத்தில் கண்ணாடியைக் கவனியுங்கள். தண்ணீர் படலமாகப் பரவி வழிகிற கண்ணாடியில் பிரஷை எடுக்காமலேயே மேலிருந்து கீழே அலசிவிடலாம். முத்து முத்தாக உருண்டு ஓடுகிற கண்ணாடியில் சில சமயம் விலக்கி அலச வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஜன்னலுக்கு முன்னதாகவே நெருங்கி வந்து, கம்பை நேராக்கிக்கொண்டு அலசுங்கள். எல்லா ஜன்னலுக்கும் பழக்கதோஷத்தில் பிரஷை விலக்குவது தேவையில்லாத சுமை.

இப்போது தோள். புயத்து எலும்பின் பந்து போன்ற நுனியைத் தோளின் கிண்ணத்துக்குள் பிடித்துவைப்பவை நான்கு சின்னத் தசைகள். அவற்றில் ஒன்றின் தசைநாண் தோள்பட்டை எலும்பின் முனைக்கும் அந்தப் பந்துக்கும் நடுவில் இருக்கும் குறுகலான சந்து வழியாகப் போகிறது. கை தோள் மட்டத்துக்கு மேலே போய் அங்கேயே நின்றால் அந்தத் தசைகள் விடாமல் இறுகியிருக்க வேண்டும். இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், களைப்பு சீக்கிரம் வரும், களைத்த தசை பந்தை இடத்தில் பிடித்துவைக்கத் திணறும். அதனால்தான் இந்த வேலையில் நான் மாற்றாமல் வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: மேல்கை தோளைத் தாண்டுகிறது என்றால் கம்பு குட்டையாக இருக்கிறது என்று பொருள். நிறுத்தி, இன்னொரு குழாயை நீட்டுங்கள். இருபது நொடி வேலைதான்.

இதை நான் கற்றது என் வலது தோளில். ஆறாவது வருடத்தில் ஒருநாள் சட்டையைக் கழற்றக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். அவர் மூலையில் இருந்த தரை துடைக்கும் கம்பை எடுத்துக் கையில் கொடுத்து, "நீங்க வேலை செய்ற மாதிரி சுவர்ல காட்டுங்க" என்றார். பக்கவாட்டிலிருந்து போனில் படம் எடுத்துக் காட்டினார். வலது முழங்கை காதுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு பாதங்களும் ஒட்டி, முழங்கால் விறைத்து, அசைவு முழுவதும் தோளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஆறு வருடமாக வலது கை மட்டுமே மேலே இருந்திருக்கிறது என்பதும் அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. நீங்களும் யாரையாவது பக்கவாட்டில் நின்று ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நான் எழுதும் எதையும்விட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அசைவு கால்களிலிருந்து வர வேண்டும். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கட்டும். பிரஷ் மேலே போகும்போது உடம்பின் எடை முன்காலுக்குப் போகட்டும், கீழே வரும்போது பின்காலுக்கு வரட்டும். கைகள் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவிலேயே ஏறி இறங்கட்டும். கம்பு உங்கள் தொப்புளுக்கு நேராக இருக்க வேண்டும், பக்கவாட்டில் இருக்கக்கூடாது. அகலமான கண்ணாடியில் காலை ஊன்றிக்கொண்டு இடுப்பைத் திருகித் துடைப்பதுதான் முதுகைக் கெடுக்கும் பழக்கம். ஒரு பிரஷ் அகலம் முடிந்தால் ஓர் எட்டு பக்கவாட்டில் வையுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேல்கையை மாற்றுங்கள். இடது கை மேலே இருக்கும்போது முதல் இரண்டு வாரம் கோடு கோணலாகத்தான் போகும். பரவாயில்லை, மூன்றாவது வாரம் கைக்கு வந்துவிடும்.

பிடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் விரல் மரத்துப்போவது அதோடு சம்பந்தப்பட்டிருக்கலாம். மணிக்கட்டு மடங்கிய நிலையில் இறுக்கிப் பிடித்தால் பிடியின் பலம் குறையும், குறைந்ததை ஈடுகட்ட இன்னும் இறுக்குவோம். முழங்கையின் வெளிப்பக்கம் வலிப்பதற்கும், கட்டைவிரல் அடியில் வலிப்பதற்கும், மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுவதற்கும் இந்தப் பழக்கம் இடம் கொடுக்கிறது. முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். ஈரமான கம்பு வழுக்கும், வழுக்கினால் இறுக்குவோம். அதனால் உள்ளங்கையில் ரப்பர் பூச்சுள்ள மெல்லிய கையுறை போடுங்கள். தடித்த கையுறை வேண்டாம், அது பிடியைக் கெடுத்து மேலும் இறுக்க வைக்கும். குளிரில் கை விறைத்திருந்தாலும் நமக்குத் தெரியாமலேயே அதிகமாக இறுக்குவோம். கம்பின் அடித்தடிமனும் முக்கியம். பொதுவாக 3 முதல் 5 சென்டிமீட்டர் விட்டம் முழுக்கைப் பிடிக்கு வசதி, அதற்கு மேல் போனால் சின்னக் கைக்காரர்கள் சிரமப்படுவார்கள்.

கழுத்துதான் இதில் எனக்கும் இன்னும் முழுமையாகப் பிடிபடாத இடம், ஏனென்றால் தோளுக்கு நல்லது கழுத்துக்குக் கெட்டதாக இருக்கிறது. 6 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜன்னலைச் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் நின்று பார்த்தால் பார்வை ஏறக்குறைய 77 டிகிரி மேலே போக வேண்டும். சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்றால் 48 டிகிரி போதும். ஆனால் அவ்வளவு பின்னால் போனால் கம்பு படுத்துவிடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரம்தான் நான் வைத்திருக்கும் சமரசம். கழுத்துக்கு உண்மையான தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது: மேலே பார்ப்பதையே குறைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பையும் ஓரங்களையும் பார்த்துச் செய்யுங்கள். நடுப்பகுதிக்கு நேராகவோ கீழேயோ பார்த்துக்கொண்டு, பிரஷ் சட்டத்தில் இடிப்பதைக் கையாலேயே உணர்ந்து தேய்க்கலாம், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முடித்த பிறகு கம்பை நேராக்கி நிறுத்திவிட்டு, நாலு எட்டு பின்னால் போய் ஒருதடவை பாருங்கள். அண்ணாந்தபடியே ஒரு ஜன்னல் முழுவதையும் முடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அண்ணாந்து பார்க்கும்போது கழுத்தை மட்டும் பின்னால் ஒடிக்காமல் நெஞ்சையும் சேர்த்து லேசாக மேலே திருப்புங்கள். பாறையேறுபவர்களுக்குக் கீழே நின்று கயிறு பிடிப்பவர்கள் போடும் முப்பட்டகக் கண்ணாடி ஒன்று உண்டு. தலையை நிமிர்த்தாமலேயே மேலே இருப்பது தெரியும். எனக்கு உதவியாக இருந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஹோஸ் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம், நின்ற இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். அண்ணாந்தால் தலை சுற்றுகிறது என்றால் இந்த யோசனைகள் எதுவும் வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சாமான்களுக்கு வருவோம். பழக்கம் மாறிய பிறகு கார்பன் கம்பு நிச்சயம் உதவும். அதே நீளத்துக்கு லேசு, வளைவும் குறைவு. வளையும் கம்பில் கை அசைந்த பிறகுதான் பிரஷ் அசையும், அதனால் ஒரே இடத்தை இரண்டு தடவை தேய்க்க நேரிடும். ஆனால் முதலில் நுனியைப் பாருங்கள். நுனியில் இருக்கும் 100 கிராம், நடுவில் இருக்கும் 200 கிராமுக்குச் சமம். பன்றிமுடி பிரஷ் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நைலான் அவ்வளவு கனக்காது. 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸில் ஒரு மீட்டருக்குச் சுமார் 20 கிராம் தண்ணீர் நிற்கும், 8 மில்லிமீட்டரில் 50 கிராம். தாழ்வான ஜன்னலைக் கழுவும்போது கம்பின் அடியில் இருக்கும் தடித்த குழாய்களைக் கழற்றி வைத்துவிடுங்கள், பல கம்புகளில் அதற்கு வசதி உண்டு. தரையில் கிடக்கும் ஹோஸ் மூலையில் மாட்டிக்கொண்டால் அதைக் கம்பாலேயே வெடுக்கென்று இழுக்காதீர்கள். அந்த ஒரு இழுப்பில் முதுகு பிடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கேட்காவிட்டாலும் இன்னொன்று: அலுமினியத்தைப் போலவே கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி போகிற பக்கம் எந்தக் கம்பையும் நிமிர்த்தாதீர்கள்.

இனி நிச்சயம் குறைவான விஷயங்கள். இடுப்பு பெல்ட் முதுகைக் காக்கும் என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத்துக்கான தேசிய நிறுவனமான நியோஷ் 1994-ல் இதை ஆராய்ந்து, காயம்படாத தொழிலாளர்களுக்கு பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. 2000-ல் கடைகளில் பொருள் தூக்கும் ஊழியர்களை வைத்து அதே நிறுவனம் செய்த பெரிய ஆய்விலும் பலன் தெரியவில்லை. அது கம்பு வேலையைப் பற்றிய ஆய்வு அல்ல என்பது உண்மைதான், ஆனாலும் அந்தக் காசைக் கையுறையில் போடச் சொல்வேன். வேலைக்கு முன் உடம்பை நீட்டி வளைப்பது காயத்தைத் தடுக்கும் என்பதற்கும் ஆதாரம் பலமாக இல்லை. நான் செய்வது, முதல் இருபது நிமிடம் தாழ்வான ஜன்னல்களைக் கழுவி உடம்பைச் சூடாக்கிக்கொள்வது. உயரமானவற்றை அதன் பிறகு, உடம்பு களைப்பதற்குள் முடித்துவிடுவேன். தோள் தசைகளுக்குப் பலம் ஏற்றும் பயிற்சி விஷயத்தில் நிலைமை வேறு. வலி வந்த தோளுக்கு அதுதான் பெரும்பாலும் முதல் சிகிச்சை, ஆனால் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, பட்டையை நெஞ்சுப் பக்கம் இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது ஆகிய மூன்றையும் வாரத்துக்கு மூன்று நாள் நான் இன்றும் செய்கிறேன். உங்களுக்கு ஏற்கெனவே வலி இருப்பதால் எவ்வளவு எடை, எத்தனை தடவை என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வதுதான் சரி.

உங்கள் உடம்புக்கு ஒத்துவராதா என்ற கேள்விக்கு, மூன்று மாதத்தில் அந்த முடிவுக்கு வராதீர்கள் என்பதே என் பதில். தசை பலமாகும் வேகத்தில் தசைநாண் பலமாகாது, அதற்கு மாதங்கள் வேண்டும். ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டுத் தினமும் எட்டு மணி நேரம் கம்பு பிடிக்க ஆரம்பித்தால் யாருக்கும் வலிக்கும். அடுத்த இரண்டு, மூன்று வாரம் உயரமான வேலையைப் பாதியாகக் குறையுங்கள், நடுவில் கையால் துடைக்கும் தாழ்வான ஜன்னல்களைக் கலந்து செய்யுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்குப் பிறகும் இருபது, முப்பது நொடி கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை எடுக்கும் நீண்ட ஓய்வைவிட, தசை இறுகியபடியே இருக்கும் வேலைக்கு இந்தச் சின்னச் சின்ன இடைவெளிதான் அதிகம் உதவுகிறது என்பது நான் கண்டது. வேலையின்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அந்த அளவு வேலை தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். மறுநாளும் அதே வலியோடு எழுந்தால் அளவு அதிகம்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக்கூடாது. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் தோள் வலி, கையைத் தூக்கவே பலம் இல்லாமல் போவது, திடீரென்று ஏதோ அறுந்தது போன்ற உணர்வு இருந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். தோள் வலியோடு நெஞ்சு அடைப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் அது கம்பினால் வந்த வலி இல்லை, இதயமாக இருக்கலாம். அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். உங்கள் விரல் மரத்துப்போவதையும் நான் சாதாரணமாக விடமாட்டேன். காலையில் எழுந்ததும் எந்தெந்த விரல் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டில் ஒரு நரம்பைச் சந்தேகிப்பார்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் முழங்கைப் பக்கம் ஓடும் வேறொரு நரம்பு. கை முழுவதும் என்றால் கழுத்தையும் பார்ப்பார்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான், குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.